டீம் வாரியா யாருக்கு எது தெரியணும்? ஆபீஸ் சாஃப்ட்வேர் பர்மிஷன், அடியிலேருந்து

ஆபீஸ்ல புதுசா சாஃப்ட்வேர் போட்ட மொத மாசத்துல ரெண்டு புகார் கண்டிப்பா வரும். "என் கஸ்டமர் எனக்கே காட்ட மாட்டேங்குது சார்"னு ஒருத்தர் வருவாரு, "என் கஸ்டமர அவர் எப்பிடி பாத்தாரு"ன்னு இன்னொருத்தர் வருவாரு. ரெண்டு பேருக்கும் ஓனர் சொல்றது ஒரே பதில், "அதான் பர்மிஷன் இருக்குல்ல, குடுத்துடுப்பா". எந்த பர்மிஷன், எதுக்கு, எது வரைக்கும்னு யாரும் கேக்குறதில்ல, ஏன்னா பர்மிஷன்னா ஒரே ஒரு விஷயம், ஒண்ணு இருக்கும் இல்லன்னா இருக்காதுன்னு எல்லாரும் நெனச்சிட்டிருக்கோம். குழப்பம் மொத்தமும் அங்கதான் ஆரம்பிக்குது.

பாண்டி, கடலூர் பக்கம் சின்ன கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செட் பண்ணிக் குடுக்குற வேலையில இருக்குறதால இந்த பேச்ச நான் தெனம் கேக்குறேன். ஐடி படிச்சவங்களுக்காக இத எழுதல. ஆபீஸ்ல "நீதான் இனிமே அட்மின்"னு திடீர்னு பேர் வாங்குன அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கும், ப்ராஞ்ச் பாத்துக்குற அண்ணனுக்கும் புரியணும்னுதான் எழுதுறேன்.

## கல்யாண மண்டபத்துலேருந்து ஆரம்பிப்போம்

ஒரு கல்யாணத்த எடுத்துக்கோங்க. பத்திரிகை வாங்குன எல்லாரும் வாசல்ல பன்னீர் தெளிச்சு உள்ள வரலாம். உள்ள வந்துட்டாங்கன்றதுக்காக ஸ்டோர் ரூமத் தொறந்து அரிசி மூட்டைய எண்ண முடியாது. ஸ்டோர் ரூம் சாவி ஒருத்தர்கிட்டதான் இருக்கும், அந்த ஒருத்தர் பெரியப்பாவா இருந்தாலும் சரி, அவருக்கு உடம்பு சரியில்லன்னு சித்தப்பா கைக்கு மாறுனாலும் சரி, சாவி "ஸ்டோர் பாத்துக்குறவர்" கையில இருக்கும். சாவி அந்த வேலைக்குத்தானே ஒழிய ஆளுக்கு இல்ல.

இப்ப மொய் எழுதுற டேபிளுக்கு வாங்க. பொண்ணு வீட்டுக்கு ஒரு நோட்டு, மாப்ள வீட்டுக்கு ஒரு நோட்டு. ரெண்டு டேபிள்லயும் உக்காந்திருக்குறவங்க பண்றது ஒரே வேலை, பேரு, ஊரு, தொகை எழுதுறது. ஆனா பொண்ணு வீட்டு டேபிள்ல இருக்குறவரு மாப்ள வீட்டு நோட்டப் பொரட்டிப் பாக்க மாட்டாரு, அது அவரோட டேபிள் இல்ல. எழுதுறவரு எழுதலாம், ஆனா பக்கத்த கிழிக்கக் கூடாது. மொய் வெச்சவரு தன் பேர சரியா எழுதியிருக்கான்னு எட்டிப் பாத்துக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் எவ்ளோ வெச்சாருன்னு விசாரிச்சா நல்லாருக்காது. ராத்திரி கணக்கு முடிக்கும்போது வீட்டுப் பெரியவங்க மொத்த நோட்டையும் பாப்பாங்க.

இத யாரும் உக்காந்து ரூலா எழுதல, ஆனாலும் மண்டபத்துல எல்லாருக்கும் தெரியும். சாஃப்ட்வேருக்கு இந்த இங்கிதம் தெரியாது. அதுக்கு ஒவ்வொண்ணையும் நாமதான் சொல்லித் தரணும், அப்பிடி சொல்லித் தர்றதுக்குப் பேருதான் பர்மிஷன் செட்டிங்ஸ்.

## உள்ள வர்றது வேற, பாக்குறது வேற, செய்யுறது வேற

மண்டபத்துல பாத்ததையே சாஃப்ட்வேர் பேச்சுல வெச்சா மூணு கேள்வி வருது.

மொத கேள்வி, நீ யாரு? யூசர் நேம், பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் இதுக்குத்தான். இதுக்கு ஆதென்டிகேஷன்னு பேரு. இதுல பாஸ் ஆனா வாசல் தாண்டியாச்சு, அவ்ளோதான்.

ரெண்டாவது, நீ என்னென்ன செய்யலாம்? பில் போடலாமா, திருத்தலாமா, அழிக்கலாமா, எக்ஸெல்ல எறக்கலாமா. இது வேலைய வெச்சு முடிவாகுது. ஒரு வேலைக்குத் தேவையான உரிமையெல்லாம் சேத்து ஒரு கட்டா கட்டி பேரு வெச்சா அது ரோல். "சேல்ஸ்", "கேஷியர்", "ஸ்டோர்"னு வெச்சுக்கலாம்.

மூணாவது, எந்தெந்த ரெக்கார்டு உன் கண்ணுல படலாம்? ரெக்கார்டுன்னா ஒரு பில், ஒரு கஸ்டமர், ஒரு என்கொயரி, அதாவது நோட்டுல ஒரு வரி. இததான் டேட்டா விசிபிலிட்டின்னு சொல்றாங்க, இது பெரும்பாலும் நீ எந்த டீம்ன்றத வெச்சு முடிவாகுது.

ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துடுறதுதான் பெரிய தப்பு. கடலூர் சேல்ஸ் ஆளும் பண்ருட்டி சேல்ஸ் ஆளும் செய்யுற வேலை ஒண்ணுதான், அதனால ரோல் ஒண்ணு. அவங்க பாக்குற கஸ்டமர் வேற, அதனால டீம் வேற. இது புரியாம "கடலூர் சேல்ஸ்", "பண்ருட்டி சேல்ஸ்", "காரைக்கால் சேல்ஸ்"னு ப்ராஞ்சுக்கு ஒரு ரோல் உருவாக்குவாங்க. அப்புறம் சேல்ஸ்காரங்களுக்கு டிஸ்கவுண்ட் உரிமை குடுக்கணும்னு ஓனர் சொன்னா ஒவ்வொரு ரோலா தொறந்து மாத்தணும், அதுல ஒண்ணு விட்டுப்போகும், விட்டுப்போனது எதுன்னு கஸ்டமர் முன்னாடி நிக்கும்போதுதான் தெரியும்.

நம்ம ஊர்ல நெறைய பேரு யூஸ் பண்ற ஜோஹோ சிஆர்எம்ல (கஸ்டமர் விவரம் வெச்சுக்குற சாஃப்ட்வேர்) இத தனித்தனியாவே வெச்சிருக்காங்க. என்ன செய்யலாம்ன்றது ப்ரொஃபைல், யாரோட டேட்டா தெரியும்ன்றது ரோல். கவனிங்க, அங்க ரோல்னு சொல்றது நான் மேல சொன்ன ரோல் இல்ல, மேல கீழன்னு இருக்குற படிநிலைய சொல்றாங்க. சேல்ஸ்ஃபோர்ஸ்லயும் இதே மாதிரிதான். ஈஆர்பிநெக்ஸ்ட்ல ரோல் பர்மிஷன்னு ஒண்ணு, யூசர் பர்மிஷன்னு ஒண்ணு. ஓடூவுல ஆக்சஸ் ரைட்ஸ்னு ஒண்ணு, ரெக்கார்டு ரூல்ஸ்னு ஒண்ணு. பேரு எப்பிடி மாறுனாலும் பின்னாடி இருக்குறது அதே ரெண்டு கேள்வி. புது சாஃப்ட்வேர் ஏதாவது தொறந்தீங்கன்னா மொத வேலையா எந்த ஸ்க்ரீன் எந்தக் கேள்விக்குன்னு கண்டுபிடிங்க, பாதி வேலை அதுலயே முடிஞ்சிடும்.

இதுவரைக்கும் பாத்தத சுருக்கி சொன்னா: லாகின் உள்ள விடும், ரோல் என்ன செய்யலாம்னு சொல்லும், டீம் எது தெரியும்னு சொல்லும். ஒருத்தருக்கு ஏதாவது தெரியலன்னாலோ, தேவையில்லாதது தெரிஞ்சாலோ, மொதல்ல எந்தக் கேள்வியில பிரச்சனைன்னு பாருங்க.

## ஆளுக்கு ஆள் குடுக்காம ஏன் ரோலுக்கு குடுக்கணும்?

இது புது யோசனை இல்ல. 1992லயே அமெரிக்காவோட தரநிர்ணய அமைப்பான நிஸ்ட்ல வேலை பாத்த டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் குன் ரெண்டு பேரும் இத ஒரு ஆய்வுக் கட்டுரையா எழுதுனாங்க, 2004ல அது அங்க ஸ்டாண்டர்டாவே ஆயிடுச்சு. அதுக்கும் முன்னாடி 1975ல சால்ட்சர், ஷ்ரோடர்னு ரெண்டு பேரு இன்னொரு அடிப்படை விஷயத்த எழுதி வெச்சாங்க: ஒருத்தர் தன் வேலைய முடிக்க எவ்ளோ உரிமை வேணுமோ அவ்ளோ மட்டும் குடு, அதுக்கு மேல வேணாம். அரை நூற்றாண்டு ஆகியும் இதுக்கு மாத்து வரல.

ஆளுக்கு ஆள் டிக் போட்டுக் குடுத்தா என்ன ஆகும்னா, ஆறு பேர் இருக்குற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. முப்பது பேர் ஆனதும் யாருக்கு ஏன் குடுத்தோம்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. அக்கவுண்ட்ஸ்லேருந்து ஸ்டோருக்கு மாறுனவங்க பழைய டிக்கையும் சேத்து எடுத்துட்டுப் போவாங்க. ரோலும் டீமும் இருந்தா ஆள் மாறும்போது ரெண்டு இடத்துல மட்டும் மாத்துனா போதும்.

## உள்ளுக்குள்ள உண்மையில நடக்குறது

இங்கதான் கொஞ்சம் நிதானமா படிக்கணும், ஆனா கஷ்டம் ஒண்ணுமில்ல. ஒரு பம்ப்செட், பைப் விக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் கம்பெனி இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஹெட் ஆபீஸும் குடோனும் பாண்டி மேட்டுப்பாளையத்துல, ப்ராஞ்ச் கடலூர், பண்ருட்டி, காரைக்கால். ஒவ்வொரு பில் சேவ் ஆகும்போதும் கண்ணுக்குத் தெரியுற தொகை, தேதியோட கூடவே ரெண்டு விஷயத்த சாஃப்ட்வேர் ஒட்டி வெச்சுக்குது: இத போட்டது யாரு, இது எந்த ப்ராஞ்சோடது. போட்டவரு ஓனர்னு பதிவாகும். ரெக்கார்டு ஓனர்னா அந்த வரிக்குப் பொறுப்பானவர்னு அர்த்தம், நம்ம மொதலாளி இல்ல.

கடலூர் சேல்ஸ் ஆள் காலைல வந்து "பில் லிஸ்ட்"ட அமுக்குறாரு. அவர் கேட்டது "பில் எல்லாம் காட்டு". டேட்டாபேஸுக்கு, அதாவது எல்லா பில்லும் சேமிச்சு வெச்சிருக்குற இடத்துக்கு, போய்ச் சேர்றது அது இல்ல. நடுவுல சர்வர்ல, அதாவது எல்லாரோட சிஸ்டமும் டேட்டா கேக்குற மெயின் கம்ப்யூட்டர்ல, சாஃப்ட்வேர் தானாவே ஒரு வடிகட்டிய சேத்துடும்: "பில் எல்லாம் காட்டு, ஆனா ப்ராஞ்ச் கடலூரா இருக்குறது மட்டும்". அவருக்கு வர்ற லிஸ்ட்டுல பண்ருட்டி பில்லே இருக்காது. மறைச்சு வெச்சிருக்காங்கன்ற அடையாளமும் இருக்காது, அவரப் பொறுத்தவரைக்கும் உலகத்துல உள்ள பில்லே அவ்ளோதான். அதனாலதான் "சாஃப்ட்வேர்ல பில்லு காணோம், அழிஞ்சிடுச்சு"ன்னு ஃபோன் வரும்போது நான் மொதல்ல கேக்குறது, "அது எந்த ப்ராஞ்ச் பேர்ல போட்டது?" பாதி நேரம் பதில் அதுலயே வந்துடும், யாரோ ப்ராஞ்ச மாத்தி செலக்ட் பண்ணி சேவ் பண்ணியிருப்பாங்க.

வரிய மறைக்குறது மாதிரியே கட்டத்தையும் மறைக்கலாம். பர்ச்சேஸ் ரேட், மார்ஜின், சம்பளம் மாதிரி ஒரு தனி விவரத்துக்கு ஃபீல்டுன்னு பேரு. சேல்ஸ் ஆளுக்கு அயிட்டம் தெரியணும், விக்கிற ரேட் தெரியணும், வாங்குன ரேட் தெரிய வேண்டியதில்ல. பில் முழுசும் மறைக்காம அந்த ஒரு ஃபீல்ட மட்டும் மறைக்கலாம்.

இந்த வடிகட்டி எங்க உக்காந்திருக்குன்றது ரொம்ப முக்கியம். மெனுவுல இருந்து "ரிப்போர்ட்ஸ்"ச எடுத்துட்டா ரிப்போர்ட் பாதுகாப்பா இருக்குன்னு நெறைய பேரு நம்புறாங்க. மெனு வெறும் வழிகாட்டி. ப்ரவுசர்ல மேல இருக்குற அட்ரஸ்ல பில் நம்பர் 1042ன்னு இருக்குறத 1043ன்னு மாத்தி என்ட்டர் தட்டுனா அடுத்த ப்ராஞ்ச் பில் தொறக்குதுன்னா, சர்வர்ல வடிகட்டியே இல்லன்னு அர்த்தம். இந்த மாதிரி ஓட்டைகளுக்கு ப்ரோக்கன் ஆக்சஸ் கன்ட்ரோல்னு பேரு. வெப் பாதுகாப்புக்காகவே இருக்குற ஓவாஸ்ப் அமைப்பு 2021ல வெளியிட்ட டாப் 10 ஆபத்து லிஸ்ட்ல மொத எடத்துல இருந்தது இதுதான். லோக்கல்ல யாரையாவது வெச்சு உங்க ஆபீஸுக்குன்னு சாஃப்ட்வேர் எழுத வெச்சீங்கன்னா, இந்த நம்பர் மாத்துற டெஸ்ட்ட அவங்க முன்னாடியே பண்ணிப் பாருங்க.

ரீகேப்: ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஓனரும் ஒரு டீமும் ஒட்டியிருக்கு, லிஸ்ட் கேக்கும்போது சாஃப்ட்வேர் வடிகட்டி காட்டுது, அந்த வடிகட்டி சர்வர்ல இருக்கணும், மெனுவுல இருந்தா போதாது.

## முள்ளோடைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

நம்ம ஏரியாவுக்குன்னே ஒரு விசேஷம் இருக்கு, வேற ஊர்ல உக்காந்து சாஃப்ட்வேர் செட் பண்றவங்களுக்கு இது சட்டுனு புரியாது. பாண்டிக்கும் கடலூருக்கும் 20 சொச்சம் கிலோமீட்டர்தான், டவுன் பஸ்ல போயிட்டு வந்துடலாம், ஆனா முள்ளோடை தாண்டுனா அரசாங்கம் வேற. ஜிஎஸ்டி நம்பர் பாண்டிக்கு 34ல ஆரம்பிக்கும், கடலூருக்கு 33ல ஆரம்பிக்கும். மேட்டுப்பாளையம் குடோன்லேருந்து கடலூர் ப்ராஞ்சுக்கு நம்ம சரக்கையே நாம அனுப்புனாலும் அது ரெண்டு ரெஜிஸ்ட்ரேஷனுக்கு நடுவுல நடக்குற சப்ளை, ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போற சரக்குக்கான ஜிஎஸ்டி) போட்டு இன்வாய்ஸ் போடணும்.

இப்ப அந்த இன்வாய்ஸ் எந்த டீமோடது? அனுப்புனது பாண்டி, வாங்குனது கடலூர். "ப்ராஞ்ச் கடலூர்"னு வடிகட்டுனா கடலூர் ஆளுக்கு வந்த சரக்கோட பேப்பரே தெரியாது, வண்டி வாசல்ல நிக்கும், எறக்கி கணக்குல ஏத்த முடியாது. அப்ப ஆபீஸ்ல என்ன பண்ணுவாங்கன்னா, அவசரத்துக்கு கடலூர் ஆளுக்கு பாண்டி ப்ராஞ்ச் மொத்தத்தையும் தொறந்து விட்டுடுவாங்க. ஒரு ட்ரான்ஸ்ஃபர் பேப்பருக்காக பாண்டியோட எல்லா கஸ்டமரும் எல்லா ரேட்டும் தெரிய ஆரம்பிச்சிடும், அதுக்கப்புறம் யாரும் திரும்ப மூட மாட்டாங்க.

சரியான வழி, அந்த ஒரு வகை ரெக்கார்டுக்கு மட்டும் வடிகட்டிய மாத்துறது: "அனுப்புன ப்ராஞ்ச் என்னோடது, இல்லன்னா வாங்குற ப்ராஞ்ச் என்னோடது". இப்பிடி மூடியிருக்குறதுல குறிப்பிட்ட ஒண்ண மட்டும் குறிப்பிட்ட டீமுக்கு தொறக்குற விதிக்கு ஷேரிங் ரூல்னு பேரு.

காரைக்கால எடுத்துக்கிட்டா இன்னும் சுவாரசியம். பாண்டியிலேருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல தள்ளி, நடுவுல கடலூர், சிதம்பரம்னு தமிழ்நாட்டு ஊருங்கள தாண்டித்தான் போகணும், ஆனா அதுவும் 34தான், ஒரே ஜிஎஸ்டி நம்பர்லயே ரெண்டு ஊரையும் வெச்சுக்கலாம். அப்ப ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுற அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கு பாண்டியும் காரைக்காலும் சேந்து ஒரு கூட்டம், கடலூரும் பண்ருட்டியும் சேந்து இன்னொரு கூட்டம். சேல்ஸுக்கு நாலும் நாலு தனி டீம். ஆக டீம்ன்றது ஆபீஸ் முழுசுக்கும் ஒரே மாதிரி வெட்டுற கோடு இல்ல. யாரு என்ன வேலைக்காகப் பாக்குறாங்களோ அதுக்கேத்த மாதிரி கோடு மாறும். சாஃப்ட்வேர் வாங்குறதுக்கு முன்னாடி "ப்ராஞ்ச் வாரியாவும் பிரிக்க முடியுமா, ஜிஎஸ்டி நம்பர் வாரியாவும் பிரிக்க முடியுமா, ஒரே ஆள ரெண்டு கணக்குலயும் வெக்க முடியுமா"ன்னு கேட்டு வாங்குங்க. டெமோ காட்டுறவரு "எல்லாம் பண்ணலாம் சார்"னு தலைய ஆட்டுனா விடாதீங்க, அங்கயே பண்ணிக் காட்டச் சொல்லுங்க.

## ரொம்ப இறுக்கி மூடுனாலும் நஷ்டம்தான்

பர்மிஷன் பத்தி பேசுறவங்க எல்லாரும் மூடு மூடுன்னுதான் சொல்வாங்க. மூடுறதுல ஒரு விலை இருக்கு, அத யாரும் சொல்றதில்ல. பண்ருட்டி பக்கம் ஒரு டீலர், கடலூர் ப்ராஞ்ச்லயும் வாங்குறாரு பண்ருட்டி ப்ராஞ்ச்லயும் வாங்குறாருன்னு வெச்சுக்கோங்க. கடலூர் ஆளுக்கு தன் பில் மட்டும்தான் தெரியும், அதுல பாக்கி 40,000. நல்ல பார்ட்டிதான்னு இன்னும் ஒரு லோடு கடனுக்கு அனுப்புறாரு. பண்ருட்டியில ஏற்கனவே 1,50,000 நிக்குது, அவருக்கு எப்பிடித் தெரியும்? டேட்டாவ பாதுகாக்கறேன்னு காச விட்டாச்சு.

இதுக்காக பண்ருட்டி பில் எல்லாத்தையும் காட்ட வேண்டியதில்ல. மொத்த பாக்கி எவ்ளோ, கிரெடிட் லிமிட் எவ்ளோன்ற ரெண்டு நம்பர மட்டும் காட்டுனா போதும். பில் விவரம் மூடியே இருக்கட்டும்.

இதே மாதிரி இன்னொண்ணு, டூப்ளிகேட் கஸ்டமர். அடுத்த டீமோட கஸ்டமர் என் தேடல்ல வரலன்னா புதுசுன்னு நெனச்சு நான் திரும்பவும் என்ட்ரி போடுவேன், ஒரே கடை மூணு பேர்ல இருக்கும், ஒவ்வொண்ணுலயும் ஒரு பாக்கி இருக்கும். ஜிஎஸ்டி நம்பரோ ஃபோன் நம்பரோ அடிச்சா "இது ஏற்கனவே இருக்கு, பண்ருட்டி டீம கேளுங்க"ன்னு மட்டும் சொல்ற மாதிரி வெச்சா பிரச்சனை தீந்துச்சு. இருக்குன்னு தெரியுறதும் உள்ள என்ன இருக்குன்னு தெரியுறதும் வேற வேறன்றத எப்பவும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பெரும்பாலான சண்டைக்கு நடுவழி இங்கதான் கிடைக்கும்.

## பர்மிஷன் கூடிக்கிட்டேதான் போகும்

"இவர பண்ருட்டி டீம்ல சேத்துட்டேன், ஆனா இன்னும் கடலூர் டேட்டா தெரியுதே?" தெரியத்தான் செய்யும். நெறைய சாஃப்ட்வேர்ல ஒருத்தர் ரெண்டு டீம்ல இருந்தா ரெண்டும் சேந்து தெரியும். புது டீம் பழச வெளிய தள்ளாது, நீங்கதான் எடுக்கணும்.

ஓடூவுல இத வெளிப்படையாவே பாக்கலாம்: குரூப்புக்கு குரூப் போடுற ரூல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கூடும், எல்லாருக்கும் பொதுவா போடுற குளோபல் ரூல் மட்டும் கட்டுப்படுத்தும். சேல்ஸ்ஃபோர்ஸ்ல மொதல்ல கம்பெனி முழுசுக்கும் ஒரு டீஃபால்ட் வெக்கணும். டீஃபால்ட்னா யாரும் எதுவும் சொல்லாத வரைக்கும் இருக்குற நிலை. அது ப்ரைவேட்டா, எல்லாரும் பாக்கலாம் ஆனா திருத்தக் கூடாதா, எல்லாரும் திருத்தலாமான்னு தேர்ந்தெடுக்கணும். அதுக்கப்புறம் போடுற ஷேரிங் ரூல் எல்லாம் தொறக்க மட்டும்தான் செய்யும், டீஃபால்ட்ல தொறந்து வெச்சத ஒரு ஷேரிங் ரூல் போட்டு மூட முடியாது.

அதனாலதான் மூடுன நிலையிலேருந்து ஆரம்பிக்கணும்னு சொல்றது. மொதல்ல எல்லாத்தையும் தொறந்து வெச்சுட்டு அப்புறம் ஒவ்வொண்ணா மூடலாம்னு கெளம்புனா சாஃப்ட்வேரும் ஒத்துக்காது, ஆளுங்களும் ஒத்துக்க மாட்டாங்க. நேத்து வரைக்கும் தெரிஞ்சது இன்னைக்கு தெரியலன்னா மனசு கஷ்டப்படத்தான் செய்யும்.

## மேனேஜர்னா எல்லாம் தெரியணுமா?

படிநிலைக்கு ஹைரார்க்கின்னு பேரு. கீழ இருக்குறவங்களோட ரெக்கார்டு மேல இருக்குறவருக்குத் தானா தெரியும்ன்றதுதான் இதோட விதி. சேல்ஸுக்கு இது பொருத்தமா இருக்கும். சம்பளம், லீவு, உடம்பு சரியில்லன்னு குடுத்த மெடிக்கல் பேப்பர் இதுக்கெல்லாம் பொருந்தாது. ஒரு பொண்ணு ஹெச்ஆருக்கு மட்டும்னு நெனச்சு எழுதுனத அவங்க டீம் லீடு படிக்குற மாதிரி இருந்தா அது பெரிய அநியாயம், அதுக்கப்புறம் அந்த ஆபீஸ்ல யாரும் உண்மையான காரணத்த எழுத மாட்டாங்க. ஹெச்ஆர் டேட்டாவுக்கு இந்த தானா மேல போற வழிய கட் பண்ண முடியுமான்னு கண்டிப்பா பாருங்க.

பக்கத்து டீம் மேனேஜர் பதவியில எவ்ளோ பெரியவரா இருந்தாலும் ஹைரார்க்கி அவருக்குக் காட்டாது, அது மேல கீழதான் போகும், பக்கவாட்டுல போகாது. "நான் சீனியர், எனக்கு ஏன் தெரியல"ன்னு கேக்குற அண்ணன்களுக்கு இதுதான் பதில்.

## ஆளுங்க மனசுல இருக்குற கேள்வி

"என்ன நம்பலையா?" இத வாய் விட்டுக் கேக்குறவங்க கம்மி, மனசுல கேக்குறவங்க நெறைய. இந்த இடத்த தாண்டிப் போகாதீங்க. எல்லாருக்கும் எல்லாம் தெரியுற ஆபீஸ்ல கஸ்டமர் லிஸ்ட் ஒரு நாள் போட்டிக் கடைக்குப் போயிடுச்சுன்னா, சந்தேகம் எல்லார் மேலயும் விழும். பாவம், ஒண்ணும் தெரியாத ஒரு பையன் மூஞ்சியையும் எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க. பர்மிஷன் சரியா இருந்தா "அவருக்கு அது தெரியவே தெரியாது"ன்னு சாஃப்ட்வேரே அவருக்கு சாட்சி சொல்லும். பூட்டு வேலை பாக்குறவங்களையும் காப்பாத்துதுன்றத மொத நாளே மீட்டிங்ல சொல்லிடுங்க.

ஒரே லாகின நாலு பேர் யூஸ் பண்ற பழக்கத்த இதனாலதான் நான் அடியோட எதிர்க்குறேன். கவுண்டர் சிஸ்டத்துல ஒருத்தர் லாகின் தொறந்தே கெடக்கும், யாரு வந்தாலும் பில் போடுவாங்க. யாரு எப்ப எத மாத்துனாங்கன்னு சாஃப்ட்வேர் எழுதி வெக்கிற குறிப்புக்கு ஆடிட் ட்ரெயில்னு பேரு. கம்பெனி சட்டத்துல பதிவான கம்பெனிகள் எல்லாம் 2023 ஏப்ரல் 1லேருந்து, அணைக்க முடியாத ஆடிட் ட்ரெயில் இருக்குற அக்கவுண்டிங் சாஃப்ட்வேரத்தான் யூஸ் பண்ணணும்னு விதியே இருக்கு. லாகின் பொதுவா இருந்தா அந்தக் குறிப்புல ஒரே பேரு திரும்பத் திரும்ப வரும், செஞ்சது யாருன்னு கண்டுபிடிக்க முடியாது, பேருக்கு சொந்தக்காரர்தான் மாட்டுவாரு.

அதோட 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல, மத்தவங்களோட சொந்த விவரத்த வெச்சிருக்குறவங்க தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு பண்ணலன்னா 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம் போட இடம் இருக்கு. கஸ்டமர் ஃபோன் நம்பர், ஸ்டாஃப் ஆதார் காப்பி எல்லாம் சொந்த விவரம்தான்.

## கசியுற இடங்கள்

ஸ்க்ரீன எல்லாம் ஒழுங்கா பூட்டிட்டு இத விட்டுடுவாங்க. எக்ஸ்போர்ட் உரிமை: பாக்குறதுக்கும் மொத்தமா எக்ஸெல்ல எறக்கி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்கும் மலையளவு வித்தியாசம், அத தனி உரிமையா வெச்சு ரொம்ப சில பேருக்கு மட்டும் குடுங்க. ரிப்போர்ட்: பர்ச்சேஸ் ரேட் ஃபீல்ட மறைச்சிட்டு மார்ஜின் ரிப்போர்ட்ட தொறந்து வெச்சா, விக்கிற ரேட்லேருந்து மார்ஜின கழிச்சாலே வாங்குன ரேட் வந்துடும். தானா போற மெயில், மொபைல் நோட்டிஃபிகேஷன்: ஸ்க்ரீன்ல தெரியாதது மெயில்ல முழு விவரத்தோட போகும், ஒரு தடவ வந்தத தொறந்து படிச்சுப் பாருங்க.

அப்புறம் கூகுள் ட்ரைவ். சாஃப்ட்வேர்ல பாத்துப் பாத்து பூட்டுன லிஸ்ட்ட எறக்கி ஒரு ஷீட்டா போட்டு "லிங்க் இருக்குற யாரும் பாக்கலாம்"னு வெச்சு வாட்ஸப் குரூப்ல போட்டுடுவாங்க. அந்த லிங்க் யாரு கைக்குப் போனாலும் தொறக்கும், ஆபீஸ விட்டுப் போனவருக்கும் தொறக்கும். ஃபோல்டர ஷேர் பண்ணா உள்ள இருக்குற ஃபைலும், நாளைக்குப் புதுசா போடப்போற ஃபைலும் சேந்துதான் தெரியும்ன்றதும் பல பேருக்குத் தெரியாது.

## இப்ப நீங்க உக்காந்தா எதுலேருந்து தொடங்குறது

கம்ப்யூட்டர தொறக்காதீங்க. ஒரு பேப்பர் எடுங்க, இடது பக்கம் வேலைகள எழுதுங்க, ஆள் பேர் வேணாம், வேலை மட்டும். மேல பில், கஸ்டமர், ஸ்டாக், பர்ச்சேஸ், சம்பளம்னு எழுதுங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் ரெண்டே விஷயம்: என்ன செய்யலாம், யாரோடத பாக்கலாம். "யாரோடது"க்கு பதில் பெரும்பாலும் நாலுக்குள்ள அடங்கிடும், என்னோடது, என் டீமோடது, எனக்குக் கீழ உள்ளவங்களோடது, எல்லாருடையதும். எந்தக் கட்டத்த எழுத முடியாம பேனா நிக்குதோ அது சாஃப்ட்வேர் பிரச்சனை இல்ல, ஆபீஸ்லயே அது முடிவாகலன்னு அர்த்தம், ஓனர்கிட்ட போய் முடிவு வாங்கிட்டு வாங்க. இந்தப் பேப்பர் ரெடியானா சாஃப்ட்வேர்ல ஏத்துறது ஒரு மத்தியான வேலை.

அட்மின் உரிமை ரெண்டு பேருக்கு இருந்தா போதும். ஒருத்தர் மட்டும்னா அவர் லீவுல போனா ஆபீஸ் நிக்கும், அஞ்சு பேர்னா மேல எழுதுன எதுக்கும் மதிப்பில்ல, ஏன்னா அட்மினுக்கு பெரும்பாலும் எந்த வடிகட்டியும் கிடையாது. ஓனருக்கே தெனசரி வேலைக்கு ஒரு சாதா லாகின், செட்டிங்ஸ் மாத்த மட்டும் அட்மின் லாகின்னு ரெண்டு வெச்சுக் குடுங்க.

எல்லாம் ஏத்துனதும் அட்மின் லாகின்ல இருந்துக்கிட்டு "சரியா இருக்கு"ன்னு முடிவு பண்ணாதீங்க, அட்மினுக்கு எல்லாமே சரியாத்தான் தெரியும். ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு டெஸ்ட் யூசர் உருவாக்கி அந்த லாகின்ல உள்ள போங்க. கடலூர் சேல்ஸா போய் பண்ருட்டி கஸ்டமர் பேர தேடுங்க, வரக்கூடாது. பாண்டி குடோன்லேருந்து வந்த ட்ரான்ஸ்ஃபர தேடுங்க, வரணும். ரிப்போர்ட்ட எக்ஸெல்ல எறக்கப் பாருங்க. தெரியக் கூடாதது தெரியுதான்னும் பாருங்க, தெரிய வேண்டியது தெரியாம இருக்கான்னும் பாருங்க, ரெண்டாவதுதான் ஜாஸ்தி பேரு விடுறது.

ஆள் வேலைய விட்டுப் போனா அன்னைக்கு சாயந்திரமே லாகின முடக்குங்க. யூசர டெலீட் பண்ணிடாதீங்க, பல சாஃப்ட்வேர்ல அவர் போட்ட பழைய என்ட்ரி எல்லாம் யாரு போட்டதுன்னு தெரியாம போயிடும். அவர் பேர்ல ஓனரா இருக்குற கஸ்டமர், என்கொயரி எல்லாத்தையும் அடுத்தவர் பேருக்கு மாத்துங்க, அது விட்டுப்போச்சுன்னா அந்தக் கஸ்டமர் யாரோட "என்னோடது" லிஸ்ட்லயும் வராம நிப்பாரு, அவர் திரும்ப ஃபோன் பண்ற வரைக்கும் யாருக்கும் தெரியாது.